சுமையோடு கணவாய் கடக்கும் நாள்

இத்தாலியின் வட எல்லையில், ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் அருகருகே வந்து சேரும் மூலையில், பிராத்தோ என்னும் சிற்றூர் இருக்கிறது. கோடைக் காலத்தில் அவ்வூரின் கூடாரத் திடலில் காலை ஆறு மணிக்கே நடமாட்டம் தொடங்கிவிடும். பனியீரம் காயாத கூடாரத்தைச் சிலர் சுருட்டுவர். சிலர் கையடக்க அடுப்பில் கஞ்சி காய்ச்சுவர். பக்கத்தில் அவர்களுடைய மிதிவண்டிகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மிதிவண்டியின் இருபுறமும் பைகள் தொங்கும். உடை, உணவு, படுக்கை, பழுதுபார்க்கும் கருவிகள் என எல்லாமே அப்பைகளுக்குள் அடங்கிவிடும். வீட்டை முதுகில் சுமந்து செல்லும் நத்தையைப் போல, தமக்கு வேண்டியவற்றையெல்லாம் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகச் செல்லும் பயணிகள் இவர்கள்.

இவர்கள் அன்று கடக்கவிருப்பது ஸ்டெல்வியோ கணவாய். அதன் உயரம் 2,757 மீட்டர். இரண்டு சிகரங்களுக்கு இடையே தாழ்ந்து கிடக்கும் இடைவெளியைத்தான் கணவாய் என்கிறோம். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மறுபள்ளத்தாக்குக்குச் செல்ல விரும்பும் வணிகரும் படைவீரரும் அஞ்சல்காரரும் சிகரத்தின்மீது ஏறிக் கொண்டிருக்கமாட்டார்கள். தாழ்வான இடைவெளியைத் தேடித்தான் போவார்கள். ஆனால், ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 'தாழ்வான' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக்கூடாது. அம்மலைத்தொடரில் தார் போடப்பட்ட கணவாய்களுள் ஸ்டெல்வியோ இரண்டாவது உயரமானது. பிரான்சு நாட்டிலுள்ள இசெரான் கணவாய் மட்டுமே அதைவிடச் சில மீட்டர் உயர்ந்து நிற்கிறது. குளிர்காலத்தில் பனி மூடிவிடுவதால் ஆண்டில் ஏறத்தாழ பாதிக் காலம் ஸ்டெல்வியோ சாலையில் போக்குவரத்தே இராது.

பிராத்தோவிலிருந்து கணவாய் வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர். அங்கிருந்து மறுபக்கத்தில் போர்மியோ நகர் வரை 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சமவெளியில் இத்தொலைவை மூன்று மணி நேரத்தில் மிதித்துக் கடந்துவிடலாம். இங்கோ, அந்த 24 கிலோமீட்டருக்குள் சாலை ஏறத்தாழ 1,800 மீட்டர் உயர்கிறது. அதாவது, முன்னோக்கிச் செல்லும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சராசரியாக 7.4 மீட்டர் மேலே ஏறவேண்டும். போட்டி வீரர்கள் இந்த ஏற்றத்தை ஒன்றரை மணி நேரத்திற்குள் முடித்துவிடுகிறார்கள். சுமையோடு செல்பவருக்கு ஓய்வு நேரம் நீங்கலாகவே நான்கு மணி நேரத்திற்குமேல் ஆகிறது. இதற்குக் காரணம் அவருடைய கால்கள் வலிமையற்றவை என்பதன்று. அவர் எதைத் தூக்கிச் செல்கிறார் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

பயணியின் எடை 70 கிலோகிராம், மிதிவண்டி 15, சுமை 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 105 கிலோகிராம். இவ்வளவு எடையை 1,800 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 18.5 இலட்சம் ஜூல் ஆற்றல் தேவை. அறிவியல் பாடத்தில் படிக்கும் நிறை, ஈர்ப்பு, உயரம் ஆகியவற்றின் பெருக்கல்தான் இது. உணவின் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 440 கலோரி. 'இவ்வளவுதானா!' என்று தோன்றலாம். ஆனால், மனித உடல் ஒரு சிக்கனமான இயந்திரம் அன்று. உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மிதியைச் சென்று சேர்கிறது. எஞ்சிய அனைத்தும் வெப்பமாக, வியர்வையோடு வெளியேறிவிடுகிறது. ஆகவே, உண்மையில் செலவாவது 2,000 கலோரிக்கு மேல். ஒரு கிண்ணம் சோற்றில் 200 கலோரி என்று கொண்டால், கணவாயை எட்டுவதற்குள் பத்துக் கிண்ணச் சோறு எரிந்து தீர்ந்திருக்கும்.

சுமையின் பங்கு என்ன? ஒரு கிலோகிராம் கூடினால் ஏறும் நேரம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் கூடும். 20 கிலோகிராம் என்றால் ஏறக்குறைய 50 நிமிடம். மலைப்பகுதியில் இந்த 50 நிமிடம் சிறிய செய்தி அன்று. பிற்பகலில் எழும் இடிமழைக்கு முன்பா, பின்பா என்பதை அதுவே தீர்மானித்துவிடக்கூடும். எடையைக் குறைப்பதற்காகப் பல்துலக்கியின் கைப்பிடியை வெட்டி எறியும் பயணிகளைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் உண்டு. அப்படி வெட்டியவர் மூன்று லிட்டர் தண்ணீரைக் கீழிருந்தே சுமந்து சென்றால் என்ன பயன்? ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். வழியில் உள்ள சிற்றூர்களில் ஊற்றுநீர் விழும் தொட்டிகள் உண்டு. 'குடிப்பதற்கு உகந்ததன்று' என்ற அறிவிப்பு இல்லாத தொட்டியில் குப்பியை நிரப்பிக்கொள்ளலாம். எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பதுகூட எடையைக் குறைக்கும் வழிதான்.

சுமையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது மிதிவண்டி தன்னால் நேராக நிற்காது; சற்றுக் கவனம் சிதறினாலும் முன்சக்கரம் இடமும் வலமும் அலையும். ஆகவே, கனமான பொருள்களைப் பையின் அடியில், சக்கர அச்சுக்கு நெருக்கமாக வைப்பர். இருபக்க எடையும் ஒத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பின்புறமே ஏற்றினால் செங்குத்தான இடத்தில் முன்சக்கரம் தரையைவிட்டு எழப் பார்க்கும். மழையாடையும் கையுறையும் மட்டும் பையின் மேற்புறத்தில் இருக்கும். அவற்றைத் தேடவேண்டிய நேரத்தில் விரல்கள் மரத்துப் போயிருக்கும் என்பது அனுபவமுள்ளவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது கியர். போட்டிக்குரிய பழைய மிதிவண்டி ஒன்றில், மிதியோடு இணைந்த பற்சக்கரத்தில் 39 பற்கள், பின்சக்கரத்தில் 25 பற்கள் என்று கொள்வோம். மிதியை ஒருமுறை சுற்றினால் வண்டி மூன்று மீட்டருக்குமேல் நகரும். மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவர் இந்த அமைப்பில் நிமிடத்திற்கு 28 முறைதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் ஒரு படிக்கட்டைத் தூக்குவதுபோல் இருக்கும். முழங்கால் பத்து வளைவுகளுக்குமேல் தாங்காது. பயண மிதிவண்டியில் முன்புறம் 26 பற்கள், பின்புறம் 34 பற்கள் இருக்கும். ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர்தான் நகரும். அதே வேகத்திற்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 58 முறை மிதிக்கலாம். மொத்த வேலை குறைவதில்லை. அது சிறுசிறு தவணைகளாகப் பிரிக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இதே உத்தியைச் சாலையை அமைத்தவர்களும் கையாண்டிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிலான் நகரை உள்ளடக்கிய லொம்பார்டிப் பகுதி ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அப்பகுதியைத் தன் பிற நிலங்களோடு இணைக்கப் பேரரசுக்கு ஒரு சாலை தேவைப்பட்டது. கார்லோ டோனேகானி என்ற பொறியாளரின் திட்டப்படி 1820 முதல் 1825 வரை இச்சாலை அமைக்கப்பட்டது. அன்றைய வண்டிகளைக் குதிரைகளே இழுத்தன. பாரம் ஏற்றிய வண்டியைக் குதிரை எவ்வளவு சரிவில் இழுக்கும் என்ற வரம்பு உண்டு. மலைச்சுவரில் நேராக ஏறினால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். எனவே, சாலையை இடமும் வலமுமாக மடித்து மடித்து நீளத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்தார்கள். பிராத்தோ பக்கத்தில் மட்டும் இவ்வாறு 48 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பாரமிழுத்த குதிரைகளுக்காக அன்று போட்ட கணக்கு, பாரமேற்றிய மிதிவண்டிகளுக்கு இன்று அப்படியே பொருந்தி நிற்கிறது.

இனி, ஒரு பயணியைப் பின்தொடர்ந்து செல்லலாம். காலை 6.45 மணிக்குப் புறப்படுவது அவருடைய திட்டம். இரவில் பெய்த பனியால் கூடாரம் நனைந்திருந்தது. ஈரக் கூடாரம் எடை கூடும் என்பதால் அது வெயிலில் சற்றுக் காயட்டும் என்று காத்திருந்தார். புறப்பட்டபோது மணி 7.30. முக்கால் மணி நேரம் தாமதம். இதை அவர் தம் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஏனென்றால், முதல் நாள் இரவே அவர் ஒரு முடிவு எடுத்திருந்தார்: மரங்கள் முடியும் இடத்தை முற்பகல் 11.30-க்குள் அடையாவிட்டால், அல்லது அதற்குமுன் இடியோசை கேட்டால், மேலே செல்வதில்லை.

முதல் சில கிலோமீட்டரில் கொண்டை ஊசி வளைவுகளே இல்லை. சாலை ஓர் ஓடையை ஒட்டி, தேவதாரு மரங்களின் நிழலில் ஏறுகிறது. உடல் புத்துணர்ச்சியோடு இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், விரைவாக மிதிக்கத் தோன்றும். பலர் தவறு செய்யும் இடம் இதுதான். தொடக்கத்தில் வேகமாக ஏறுபவரின் தசைகளில் சேமித்துள்ள சர்க்கரை விரைவில் தீர்ந்துவிடும். பிறகு எவ்வளவு உண்டாலும் உடனே ஈடுசெய்ய முடியாது. கால்கள் நடுங்கும், தலை சுற்றும். அதனால் அனுபவசாலிகள் ஓர் எளிய சோதனையைக் கையாள்கிறார்கள். அருகில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பார்கள். மூச்சு வாங்கி வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் மிகுதி என்று பொருள். பசி எடுக்கும்வரை காத்திராமல் அரை மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ ரொட்டித்துண்டோ உலர்ந்த பழமோ உண்பார்கள்.

சிறிது தொலைவுக்குப் பின் முதல் வளைவு வருகிறது. அதன் ஓரத்தில் '48' என்ற எண் காணப்படுகிறது. ஆம், எண்கள் மேலிருந்து தொடங்குகின்றன. ஏறுபவர் 48, 47, 46 என்று குறைத்துக்கொண்டே போகவேண்டும். இதை யார் எந்த எண்ணத்தில் அமைத்தார்களோ, களைத்தவருக்கு அது ஒருவகையில் ஆறுதல். மற்றொரு வகையில் தொல்லை. ஒரு மணி நேரம் மிதித்த பிறகும் நாற்பதுக்கு மேற்பட்ட எண்ணைப் பார்க்கும்போது மனம் சற்றுத் தளரத்தான் செய்யும்.

பயணி திராஃபோய் என்னும் ஊரை அடைந்தபோது மணி 9.15. உயரம் ஏறத்தாழ 1,540 மீட்டர். தண்ணீரை நிரப்பிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே ஓர்ட்லர் சிகரம் பனியாறுகளோடு நிற்கிறது. அதன் உயரம் 3,905 மீட்டர். மலேசியாவின் கினபாலு மலை 4,095 மீட்டர், ஓர்ட்லரைவிட உயரமானது. ஆனால், கினபாலு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கு நிலையான பனி இல்லை. ஓர்ட்லரிலோ கோடையிலும் பனி உருகித் தீர்வதில்லை. முதல் உலகப் போரின்போது இம்மலைகளின் மேலேதான் ஆஸ்திரியப் படையும் இத்தாலியப் படையும் எதிரெதிரே நின்றன. ஆஸ்திரிய வீரர்கள் பீரங்கிகளை ஓர்ட்லரின் உச்சிவரை இழுத்துச் சென்றார்கள். போரின் முடிவில் இப்பகுதி இத்தாலியின் கைக்கு வந்தது. இன்றும் இங்குள்ள மக்களில் பெரும்பாலோர் ஜெர்மன் மொழி பேசுகிறார்கள். ஊர்ப் பலகைகள் இரு மொழிகளில் உள்ளன. பிராத்தோவுக்குப் பிராட் என்றும், ஸ்டெல்வியோவுக்கு ஸ்டில்ஃப்சர் யோக் என்றும் பெயருண்டு.

திராஃபோய்க்கு மேலே வளைவுகள் நெருங்குகின்றன. வளைவில் எப்படித் திரும்புவது என்பதும் கற்கவேண்டிய ஒன்று. இத்தாலியில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்லும். ஆகவே, சாலை வலப்பக்கம் திரும்பும் வளைவில் மிதிவண்டி வளைவின் உள்விளிம்பில் சிக்கிக்கொள்ளும். அங்கே தூரம் குறைவு. சரிவு மிக அதிகம். இடப்பக்கம் திரும்பும் வளைவிலோ வெளிவிளிம்பில் அகலமாகச் சுற்றலாம். சில மீட்டருக்கு ஏற்றமே தெரியாது. பயணிகள் அந்தச் சில மீட்டரில்தான் மூச்சைச் சீராக்கிக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார்கள். இதற்கிடையே மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக உறுமிக்கொண்டு கடக்கும். கோடை விடுமுறையில் அவற்றின் இரைச்சல் மலையின் அமைதியை விழுங்கிவிடுகிறது என்றே சொல்லவேண்டும். ஆண்டில் ஒருநாள் மட்டும் மோட்டார் வாகனங்களைத் தடுத்து, இச்சாலையை மிதிவண்டிகளுக்கே விட்டுவிடுகிறார்கள். அன்று ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள்.

ஏறத்தாழ 2,190 மீட்டர் உயரத்தில் ஃபிரான்சென்ஸ்ஹோஹே என்னும் இடத்தில் ஒரு மலைவிடுதி இருக்கிறது. மரங்கள் இங்கே முடிந்துவிடுகின்றன. எதிரே புல்லும் பாறையும் மட்டுமே உள்ள ஒரு பெருஞ்சுவர். அதன்மேல் கீறிவிட்டதுபோல் எஞ்சிய இருபதுக்கும் மேற்பட்ட வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. உச்சியிலுள்ள கட்டடங்களும் தெரிகின்றன. தொலைவு ஏழு கிலோமீட்டர் போல இருந்தாலும், எட்டிப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். பயணி இங்கு வந்து சேர்ந்தபோது மணி 11.10.

முடிவெடுக்க வேண்டிய இடம் இது. மேற்கே வெண்ணிற முகில்கள் கோபுரம்போல் எழத் தொடங்கியிருந்தன. கோடை நாளில் பள்ளத்தாக்கின் வெப்பக்காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து முகிலாகிறது. பிற்பகலில் அதுவே இடிமழையாகப் பொழிகிறது. மரக்கோட்டுக்கு மேலே ஒதுங்க இடமில்லை. வெட்டவெளியில், சாலையில் நகரும் மிகவும் உயரமான பொருள் மிதிவண்டியும் அதை ஓட்டுபவரும்தான். மின்னலுக்கு அதைவிட வசதியான இலக்கு வேறில்லை. களைத்துப்போன மனிதரின் மனம் இத்தகைய இடத்தில் நேர்மையாகச் சிந்திப்பதில்லை. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்தானே' என்று அது வாதிடும். அதற்காகத்தான் பயணி முதல் நாள் இரவே, வயிறு நிறைந்து மனம் தெளிந்திருந்தபோது, மணியைக் குறித்து வைத்தார். வரம்புக்கு இருபது நிமிடம் மீதம் இருந்தது. இடியோசை இல்லை. முகில்களின் அடிப்பகுதி இன்னும் கறுக்கவில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று, 11.25-க்கு மேலே ஏறத் தொடங்கினார். காலையில் இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் அன்றிரவு இந்த விடுதியிலோ மீண்டும் பிராத்தோவிலோதான் தங்கியிருப்பார்.

இதற்குமேல் வேகம் இன்னும் குறைகிறது. காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வாயு குறைகிறது. உச்சியை நெருங்கும்போது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான் கிடைக்கும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலையும் ஏறக்குறைய 6.5 பாகை குறைகிறது. பிராத்தோவில் 20 பாகை செல்சியஸ் என்றால் கணவாயில் 8 பாகைதான் இருக்கும். மார்மோட் எனப்படும் மலை அணில் வகையின் சீழ்க்கை ஒலி பாறைகளுக்கிடையே கேட்கும். எட்டு, ஏழு, ஆறு என்று எண்கள் குறைகின்றன. இந்த நேரத்தில் பயணியின் உலகம் மிகச் சுருங்கிப்போகிறது: முன்சக்கரத்துக்கு முன்னுள்ள இரண்டு மீட்டர் தார், அடுத்த எண், குப்பியில் எஞ்சிய தண்ணீர்.

பிற்பகல் 1.10-க்கு அவர் கணவாயை அடைந்தார். அங்கே தனிமையும் அமைதியும் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். விடுதிகள், நினைவுப்பொருள் கடைகள், ரொட்டிக்குள் சுடச்சுடக் கொத்திறைச்சிக் குழல் வைத்து விற்கும் வண்டி, படம் எடுக்கும் கூட்டம் என்று ஒரு சந்தைபோல இருக்கும். 1953-ஆம் ஆண்டில் இத்தாலியின் புகழ்பெற்ற மிதிவண்டிப் போட்டியான ஜீரோ தித்தாலியா முதன்முறையாக இங்கு வந்தது. அன்று ஃபௌஸ்தோ கொப்பி என்ற வீரர் இந்த ஏற்றத்தில் மற்றவர்களை விட்டுப் பிரிந்து சென்று, போட்டியின் முதலிடத்தையே கைப்பற்றினார். அவருடைய நினைவுச்சின்னம் கணவாயில் இருக்கிறது.

மேலே வந்ததும் நாள் முடிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. ஏறும்போது உடல் ஓர் அடுப்பாக எரிந்துகொண்டிருந்தது. மிதிக்குச் சென்ற ஆற்றலைப்போல் மூன்று மடங்குக்குமேல் வெப்பமாக வெளிவந்தது. இறங்கும்போது அடுப்பு அணைந்துவிடும். வியர்வையில் நனைந்த சட்டை, மணிக்கு முப்பது கிலோமீட்டர் எதிர்காற்று, 8 பாகைக் குளிர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பத்தே நிமிடத்தில் விரல்கள் விறைத்து பிரேக்கை அழுத்த முடியாமல் போகும். 1988-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், போர்மியோவுக்கு மறுபுறமுள்ள காவியா கணவாயில் இது நிகழ்ந்தது. ஜீரோ போட்டியின்போது அங்கே கடும் பனி பொழிந்தது. உலகின் தலைசிறந்த வீரர்கள் இறக்கத்தில் நடுங்கிப்போய் நின்றுவிட்டார்கள். சிலர் வாகனங்களுக்குள் ஒதுங்கினார்கள். அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் குழுவினர் வானிலையை முன்கூட்டியே உணர்ந்து, பனிச்சறுக்கு வீரர்களுக்கான கம்பளி உடைகளை வாங்கி வைத்திருந்தார்கள். அன்று அவர் போட்டியின் மொத்தக் கணக்கில் முதலிடத்தைப் பிடித்தார். இறுதியில் அந்த ஆண்டின் போட்டியையே வென்றார். நம் பயணியும் உடனே வண்டியில் ஏறி இறங்கவில்லை. ஒரு கடையின் சுவரோரம் ஒதுங்கி, நனைந்த சட்டையைக் கழற்றி உலர்ந்த சட்டையை அணிந்தார். அதன்மேல் கம்பளிச்சட்டை, காற்றுத்தடுப்பு மேலாடை, முழுக் கையுறை. காலை முதல் சுமந்துவந்த எடைக்கு இப்போது பொருள் விளங்கியது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது பிரேக். ஏறும்போது கால்கள் சேர்த்துவைத்த ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. அது உயரமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. போர்மியோ ஏறத்தாழ 1,530 மீட்டர் கீழே உள்ளது. இறங்கும்போது 15 இலட்சம் ஜூலுக்குமேல் வெளிவந்தாக வேண்டும். அது நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம். ஒரு பகுதியை எதிர்க்காற்று எடுத்துக்கொள்ளும். எஞ்சியதைப் பிரேக்தான் தாங்கவேண்டும். அச்சத்தால் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குபவர்கள் இருக்கிறார்கள். மெதுவாகச் செல்வதால் காற்று உதவாது. வெப்பம் முழுவதும் ஒரே இடத்தில் சேரும். சக்கர விளிம்பை அழுத்தும் பிரேக் என்றால் விளிம்பு சூடாகி டியூப் வெடிக்கலாம். வட்டுப் பிரேக் என்றால் பிடிமானம் மங்கிப்போகலாம். சுமை கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும்.

சரியான முறை வேறு. நேரான பகுதியில் பிரேக்கை விட்டுவிட்டு நிமிர்ந்து அமரவேண்டும். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். விரிந்த மார்பும் அகன்ற பைகளும் அப்போது ஒரு பாய்மரம்போல் வண்டியைத் தடுக்கும். வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடவேண்டும். வளைவின் நடுவில் அழுத்தினால் சுமையேறிய பின்சக்கரம் வழுக்கிவிடும். ஐந்தாறு வளைவுகளுக்கு ஒருமுறை நின்று, பிரேக்கும் கையும் ஆற விடுவது நல்லது. நிற்கும்போது வட்டையோ விளிம்பையோ விரலால் தொட்டுப் பார்க்கக்கூடாது; கொப்பளித்துவிடும்.

பயணி இறங்கத் தொடங்கிய சில நிமிடங்களில், சுவிட்சர்லாந்துக்குப் பிரியும் உம்பிரைல் கணவாய்ச் சாலை வலப்பக்கம் வந்தது. அதைக் கடந்து போர்மியோவை நோக்கித் திரும்பியபோது முதல் இடி உருண்டது. ஒலி பின்னால், ஓர்ட்லர் பக்கத்திலிருந்து வந்தது. அவர் வேகத்தைக் கூட்டவில்லை. இப்பக்கத்தில் குறுகலான சுரங்கப்பாதைகள் உண்டு. வெளியிலுள்ள வெளிச்சத்திலிருந்து திடீரென இருளில் நுழையும்போது சில நொடிகளுக்குக் கண் தெரியாது. அதற்குமுன் நின்று முன்விளக்கையும் பின்விளக்கையும் ஏற்றினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். ஒரு சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வந்தபோது சாலை நனைந்திருந்தது. ஈரச் சாலையில் டயரின் பிடிமானம் குறையும். இன்னும் முன்கூட்டியே பிரேக் பிடிக்கவேண்டும். அவர் அப்படியே செய்தார்.

காலை நான்கு மணி நேரத்துக்குமேல் சேர்த்த உயரம் ஒன்றேகால் மணி நேரத்தில் கரைந்துபோனது. மரங்கள் மீண்டும் வந்தன, காற்று வெதுவெதுப்பானது. கம்பளிச்சட்டையைக் கழற்றவேண்டியதாயிற்று. போர்மியோவில் பழங்காலம் முதலே பெயர்பெற்ற வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. ஆனால், அவர் முதலில் தேடியது ஊரின் கூடாரத் திடலைத்தான். கூடாரத்தை அடித்து, அதன் உட்புறம் ஈரம் காய வாயிலைத் திறந்து வைத்தார். பிறகு மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டைகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று விளக்கொளியில் பார்த்தார். பின்கட்டை மெலிந்திருந்தது. பையின் அடியிலிருந்து ஒரு புதிய இணையை எடுத்து மாற்றினார். மறுநாள் வழி காவியா கணவாய். 2,600 மீட்டருக்கும் மேல். காலை 6.30-க்குக் கடிகாரத்தை வைப்பதா, 6 மணிக்கு வைப்பதா என்று சிறிது யோசித்து, 5.30-க்கு வைத்துவிட்டுப் படுத்தார்.